வலப்பக்கத்து இடம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாய்ப் பள்ளிக்கூடத்து வேன் இன்று காலையில் வந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அழுதேனா என்று என்னிடம் கேட்காதே, வேன் ஓட்டுநரிடம் கேட்டுக்கொள். பாவம் மனுஷன், கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அது வேறு ஒரே அழுக்கு, நான் வாங்கவில்லை.

போன வருஷம் கையளவு குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டபோது நீ என்ன சொன்னாய்? "ஒரு வருஷம் வீட்டுல வச்சு வளர்த்துக் கொடுக்கா. பஸ்ஸு, லிஃப்டு, கூட்டம், சத்தம் எல்லாம் பழக்கி விடு. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்." கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது. மூட்டை மாதிரி சுருண்டு தூங்குகிறதே என்று மூட்டை என்று கூப்பிட்டேன். அதுவே பேராகிவிட்டது. கீழே கிடப்பதை மோந்து பார்க்காமல் நடக்கப் பழக்கினேன். கடையில் நான் கண்ணாடி அறுக்கும்போது மேஜைக்கு அடியில் வாலைக்கூட ஆட்டாமல் படுக்கப் பழக்கினேன். படத்துக்குச் சட்டம் போடக் கொடுக்க வருகிறவர்கள் படத்தை விட்டுவிட்டு நாயைத்தான் விலை கேட்டார்கள்.

நல்லபடியாகத் தேறட்டும். கண் தெரியாத யாரோ ஒருவருக்குத் துணையாக இருக்கட்டும். தேறாவிட்டால் இங்கேயே திருப்பி அனுப்பு, நான் ஒன்றும் சண்டைக்கு வர மாட்டேன்.

மேல்மாடி வீடு, கீழே கடை, நடுவில் நான். வேறு விசேஷம் இல்லை. சளி பிடித்திருந்தால் மருந்து சாப்பிடு, என்னிடம் மறைக்காதே.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் பெண் மூட்டையும் சௌக்கியம். டாக்டர் இடுப்பு எலும்பு, கண், காது எல்லாம் பார்த்துவிட்டுத் தட்டிக் கொடுத்தார். முதல் இரண்டு ராத்திரி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னுடைய செருப்பைச் சாப்பிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. அதில் யாரும் குடியில்லை. நாங்களே கட்டிய தெரு. நடைபாதை இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, பஸ் வராத ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஏறி இறங்கப் படிக்கட்டு ஒன்று, மேலே போனால் ஒன்றுமே இல்லை, அந்தப் பக்கம் இறங்க வேண்டியதுதான். சுவர் இல்லாமல் தனியாக ஒரு கதவு நிற்கிறது. காலையில் பனி மூடியிருக்கும்போது நாய்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து உள்ளே போவோம், போனால் பனிதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது தூக்கத்தில் நடக்கிற மாதிரியே இருக்கிறது.

அங்கேதான் மூட்டை நேர்கோட்டில் நடக்கப் படிக்கிறது. நடைபாதை முடிகிற விளிம்பில் நிற்கவும் படிக்கிறது. அடுத்து முதுகில் கைப்பிடி வைத்த பட்டை மாட்டுவோம். கண் தெரியாதவர் இடது கையால் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

பார்க்க வரட்டுமா என்று கேட்கப் போகிறாய். வரக் கூடாது. உன் வாசனை பட்டால் இதுவரை படித்ததெல்லாம் போச்சு.

அன்புடன்,
செருப்பில்லாத தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

வரட்டுமா என்று நான் கேட்கவே இல்லை. நீயாகக் கேள்வி கேட்டு நீயாகப் பதில் சொல்கிற பழக்கம் சின்ன வயசிலிருந்தே உனக்கு உண்டு.

இங்கே எல்லோரும் நலம், எல்லோரும் என்றால் நானும் சுவரில் மாட்டின படங்களும். போன வாரம் ஒரு பெரிய கண்ணாடி உடைந்தது. யாரோ ஒரு அம்மா தன் மகள் பட்டம் வாங்கின படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். அறுத்து முடித்து மேஜையில் சாய்த்து வைத்தேன், திரும்பினேன், முழங்கை பட்டு மொத்தமும் தரையில். கையில் கொஞ்சம் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன், ஒன்றும் பயமில்லை. கடையில் வெளிச்சம் போதவில்லை. பெரிய பல்பாக மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் கடைசி வெயில் ஜன்னல் வழியாக வந்து சாய்த்து வைத்த கண்ணாடிகள் மேல் எல்லாம் ஏறும். மூட்டை இருந்தால் அந்த வெளிச்சம் நகர நகர அதுவும் நகர்ந்து படுக்கும். இப்போது வெளிச்சம் மட்டும் தனியாக நகர்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே டீ ஆறிப்போய்விடுகிறது.

மூட்டை இருந்தபோது கடைக்குள் நான் இப்படித் தட்டுமுட்டு என்று நடந்ததில்லை. தனியாக இருந்தால் கவனம் போய்விடும் போல.

உன் அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

கைக்கட்டைப் பிரித்தாயா? காயம் ஆறிவிட்டதா? முதலில் அதை எழுது.

அப்புறம், என்னமாய் வளர்த்திருக்கிறாய் நீ. நேற்று எங்கள் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னவென்று சொல்கிறேன்.

நாய் நமக்கு இடப்பக்கம் நடக்கும். தன் உடம்பு நுழைகிற சந்திலெல்லாம் நுழைந்துவிடும். தன் வலப்பக்கத்தில் ஒரு ஆள் வருகிறார், அவருக்குத் தோள் இருக்கிறது, அது கம்பத்தில் இடிக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இதைச் சொல்லிக் கொடுக்கிறதுதான் எங்கள் வேலையிலேயே பெரும்பாடு. நாங்களே போய்க் கம்பத்தில் இடித்துக்கொள்வோம், 'ஆ' என்போம், கம்பத்தைத் தட்டிக் காட்டுவோம், பின்னால் போய் மறுபடி நடப்போம். வாரக்கணக்கில் இடித்த பிறகுதான் நாய்க்கு உறைக்கும். எனக்கு வலது தோள் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும்.

மூட்டைக்குப் பட்டை மாட்டி முதல் தடவை கூட்டிப் போனேன். முதல் கம்பம் வருவதற்கு முன்னாலேயே இடப்பக்கம் ஒதுங்கி, எனக்கு ஒரு யானை போகிற அளவுக்கு இடம் விட்டது. கதவிலும் அப்படியே, பஸ் நிறுத்தத்துத் தூணிலும் அப்படியே. யாரும் சொல்லித் தராமல் ஒரு நாய் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. தற்செயலோ என்று எதிர்த்திசையில் திருப்பிக் கூட்டிப் போனேன். அப்போதும் அதே மாதிரி. குறிப்பில் 'பிறவி ஞானம்' என்று எழுதிவிட்டேன்.

என்ன மந்திரம் போட்டாய்? எப்படிப் பழக்கினாய் என்று எழுது. மற்ற வீடுகளுக்கும் சொல்லலாம்.

தலைகால் புரியாத
தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

காயம் ஆறிவிட்டது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வளர்த்தவள் புத்திசாலி, அதனால் நாயும் புத்திசாலி. இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?

நேற்று ஒரு கனவு. உன்னுடைய அந்த ஆளில்லாத தெருவில் நான் நடக்கிறேன். கதவுகள் எல்லாம் சட்டங்களாக இருக்கின்றன, வெறும் சட்டங்கள், உள்ளே படமில்லை. ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போகிறேன். ஒன்றில் அப்பா நிற்கிறார், சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறார், வழக்கம்போல. சரி பண்ணலாம் என்று போவதற்குள் விழித்துவிட்டேன். வெகு நேரம் எழுந்திருக்க மனசே வரவில்லை.

இப்போதைக்கு இவ்வளவுதான், கடையில் ஆள் நிற்கிறது.

அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை சும்மா ஒப்புக்குக் கேட்கவில்லை.

பயிற்சி பாதி தாண்டிய கட்டத்தில் நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நாயோடு ஊருக்குள் நடக்க வேண்டும். இன்று என் முறை. கறுப்புத் துணியைக் கட்டியதும் முதலில் பயம்தான் வந்தது, எத்தனை தடவை செய்தாலும் வரும். கொஞ்ச தூரம் போனதும் அது போய்விட்டது. ஒரு ரொட்டிக் கடையின் சூடு முகத்தில் பட்டுப் போயிற்று. ஒரு சந்து வந்தது, காற்று மாறியதில் தெரிந்தது. யாரோ குழந்தையைத் திட்டிக்கொண்டே கடந்து போனார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து, கைப்பிடியின் அசைவு மட்டும்தான் உலகம் என்று ஆகிவிட்டது. ஒரு இடத்தில்கூடத் தோள் இடிக்கவில்லை. துணியை அவிழ்த்தபோது அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்றிருந்தது.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கண்டிப்பான அம்மா, நாங்கள் விசில் என்போம். என் குறிப்பைக் கையில் வைத்திருந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "பிறவி ஞானம்லாம் கிடையாதுப்பா. கூட நடந்தவங்க இடிச்சு இடிச்சு, இது தானா கத்துக்கிட்டிருக்கு. வளர்த்தவங்களுக்கு வலது கண்ணு தெரியுமா?"

பள்ளிக்குத் திரும்பியதும் நான் பஸ் வராத அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, பூசி மெழுகாமல் சொல். கண்ணாடி உடைந்தது எந்தக் கைப்பக்கம்? அப்பாவுக்கு வந்த கண் அழுத்தம் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று அன்றைக்கே டாக்டர் நம் இருவரிடமும் சொன்னார். நான் வருஷம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? அது வலிக்காது, ஓரத்திலிருந்து ஓசைப்படாமல் தின்றுகொண்டு வரும். போன பார்வை திரும்பாது. இருக்கிறதை மருந்தால் காப்பாற்றலாம், சீக்கிரம் போனால். நான் வரட்டுமா?

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

நாயை வைத்து ஜோசியம் பார்க்கிற அளவுக்கு முன்னேறிவிட்டாய், சந்தோஷம். உங்கள் விசிலை அவர் வேலையைப் பார்க்கச் சொல். என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிறேன், கண்ணாடியை மயிரிழை பிசகாமல் அறுக்கிறேன்.

வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. நீ நலமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது முடியவில்லை.

போன மாதம் தொடங்கி மூட்டைக்குக் கீழ்ப்படியாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தோம். சிரிக்காதே, நிஜம்தான். வழிகாட்டி நாய்க்கு இதுதான் கடைசிப் பாடம். சாலையோரம் நின்று 'போ' என்கிறோம். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆள் ஒருவர் காரைச் சத்தமில்லாமல் ஓட்டி வருவார். போ என்றால் போகிற நாய் எங்களுக்கு வேண்டாம். சொன்னவர் கோபித்தாலும், இழுத்தாலும், கெஞ்சினாலும் நகராமல் நிற்க வேண்டும். மூட்டைக்கு அது வரவே இல்லை. நீ அவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறாய், சொன்னதைத் தட்ட அதற்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு கால் எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். நேற்றுத்தான் முதல் தடவை என் குறுக்கே வந்து நின்று, அசைய மாட்டேன் என்றது. நான் மண்ணில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பிழையில்லாமல் அறுக்கிறாய், நம்புகிறேன், நடுப்பார்வை கடைசியில்தான் போகும். உன் கடிதத்தின் வரிகள் எல்லாம் தாளின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடுகின்றன. ஓரத்து எழுத்துகள் மேஜை மேலே போயிருக்க வேண்டும். நீ மேஜையைத் துடைக்கும்போது பார்க்கவில்லையா?

வராதே என்றாய், இதுவரை கேட்டேன். இனிமேல் கேட்பதாக இல்லை. இந்த மாதம் முடிவதற்குள் உன் கடிதம் வராவிட்டால், கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் வந்து உட்காருவேன்.

உன் சொல் கேளாத
தம்பி

செப்டம்பர் 23

தம்பி,

வாசலில் உட்காராதே, வியாபாரம் கெடும். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறேன். தனியாகப் போய்க்கொள்வேன். திரும்பி வந்து எழுதுகிறேன். அதுவரை நச்சரிக்காதே.

அக்கா

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நச்சரிக்கவில்லை. இது மூட்டை சமாச்சாரம் மட்டும்.

தேறிவிட்டது. ஒரு இசை ஆசிரியைக்குக் கொடுத்திருக்கிறோம். உயரமானவர், வேகமாக நடப்பார், அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்கிற நாய் இத்தனை நாள் கிடைக்கவில்லை. இருவரும் சேர்ந்து பழகி முடித்து இன்று கிளம்பினார்கள். போகும்போது அவர் என்னைத் தேடி வந்து, "தோள்ல அடி படாம நான் ஊருக்குள்ள போயிட்டு வந்தது இப்பதான் சார்" என்றார். வளர்த்தது என் அக்கா என்றேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்கள் வாசலைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், அக்கா. நான்தான் அவர்கள் போன பிறகும் மழையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும்
தம்பி

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

மூட்டை திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். இந்தத் தடவை ஓட்டுநரிடம் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். வலப்பக்கம்தான். மூட்டை வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைக் கூட்டிக்கொண்டு தெருவில் போகும்போது கம்பத்தில், வண்டியில், ஆள்மேல் என்று இடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது திடுக்கிட்டு நிமிர்ந்து பார்க்கும். பிறகு அதுவாக என்னை இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நான் அதற்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். உன் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் குட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

அது மட்டும் காரணமில்லை. கண் போன பிறகு அப்பாவின் கை என் தோளில் இருந்த வருஷங்களில் நீ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய். அவர் எங்கே போனாலும் நான், நான் எங்கே போனாலும் அவர். எனக்கு அவர்மேல் உயிர். அவ்வளவு கோபமும் இருந்தது, தம்பி. அவருக்குத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். உன் தோளில் என் கை விழுந்தால் உனக்கும் அந்தக் கோபம் வரும், நீயும் எனக்குத் தெரியாமல் பல்லைக் கடிப்பாய். அதை நினைத்துத்தான் பயந்தேன், கண் போவதை நினைத்து இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறை. பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷின், அதற்குள் முகத்தை வைக்கச் சொன்னாள் பரிசோதிக்கிற பெண். இடது கண்ணை மூடிக் கட்டினாள், கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "நேராவே பாத்துட்டு இருங்கம்மா. எங்கயாவது புள்ளி மின்னுச்சுன்னா அமுக்குங்க" என்றாள். நானும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். மிஷின் லேசாக முனகிக்கொண்டிருந்தது. உள்ளே பனி மூடின மாதிரி ஒரே சாம்பல், பயமாகக்கூட இல்லை, தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இந்தப் பெண் என்னை உட்கார வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாளா என்று எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

அவள் பக்கத்திலேயேதான் இருந்தாள். "முடிஞ்சிடுச்சும்மா" என்றாள்.

அடுத்தது இடது கண். புள்ளிகள் வந்தன. மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, மங்கலாக ஒன்று, அது நிஜமா நினைப்பா என்று யோசிப்பதற்குள் இன்னொன்று. வந்த ஒவ்வொன்றையும் அமுக்கினேன். பாதியில் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் கணக்குத் தப்பும் என்று அந்தப் பெண் அதட்டி, கண்ணைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து வைத்தாள்.

இடது கண்ணிலும் ஓரத்தில் கொஞ்சம் போயிருக்கிறதாம். மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். தினமும் சொட்டு மருந்து, அதோடு ஒரு சின்ன ஆபரேஷன். இருபத்தாறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். துணைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். யாரும் வேண்டாம், நானே வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தம்பி வருவான்" என்று வந்துவிட்டது.

முந்தின நாளே வந்துவிடு. பல்லைக் கடிக்கத் தோன்றினால் என் முகத்துக்கு நேரே கடி, நானும் நாலு வார்த்தை திட்டிக்கொள்கிறேன். கடை வாசலில் நிற்பேன். என் வலப்பக்கமாக வந்தால் தூரத்திலிருந்தே குரல் கொடு, தம்பி. சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றால், நீ வந்ததே எனக்குத் தெரியாது.

உன் அக்கா